பெட்ரோல் முள்ளும் நெக் ரிப்பும்

பனியன் கம்பெனி முதலாளியின் மனைவி என்றால் கையில் வைரம் மின்னும் என்று நினைப்பவர்கள், என் கையை ஒருமுறை மோந்து பார்க்க வேண்டும்.

எங்களுடையது ராயபுரத்தில் ஒரு சின்னத் தையல் யூனிட். டிரைவர் நின்றுவிட்டார், வீட்டுக்காரருக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தாலே கை நடுங்கும். ஆகவே அந்தக் கிழட்டு வேனில் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குச் சரக்கு கொண்டுபோகும் உத்தியோகம் எனக்கு. கான்வென்ட்டில் சிஸ்டர்கள் பியானோவும் பூத்தையலும் சொல்லிக்கொடுத்தார்கள். வேன் தள்ளச் சொல்லிக்கொடுக்கவில்லை. பழைய வண்டி வைத்திருக்கும் புண்ணியவான்களே, மீதியை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பாதி டேங்க்

எங்கள் வேனில் பெட்ரோல் முள் எப்போதும் பாதியில் நிற்கும். நிரப்பினாலும் பாதி, காய்ந்தாலும் பாதி. அதை நம்பித்தான் அன்றைக்கு அருள்புரம் தாண்டி நடுரோட்டில் நின்றேன், வண்டி நிறைய டி-ஷர்ட்டோடு. எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரர்கள் ஏற்கனவே சொல்லியிருந்தார்கள்: இன்னொரு தடவை லேட்டானால் ஆர்டர் வேறு யூனிட்டுக்குப் போய்விடும். அன்றைக்கும் லேட். கெஞ்சிக் கூத்தாடினேன்; "இதுதான் கடைசி" என்று வாங்கிக்கொண்டார்கள்.

அதற்கு முன்பே, வண்டி நின்றதும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "முள்ளு பாதி காட்டுதில்ல அம்மிணி? அப்பறம் நீ ஏன் நின்னே?"

மாகாளிக்கிழங்கு

நல்லூரில் மெக்கானிக் ஒருவர், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். டேங்கின் பக்கவாட்டில் சொருகியிருந்த ஒரு சாமானைக் கழற்றி எடுத்தார். ஒரு கம்பி, அதன் நுனியில் மிதவை. பெட்ரோலோடு அது ஏறி இறங்கினால்தான் முள் அசையும். எங்களுடையது துருப்பிடித்து, கருவாடாக விறைத்திருந்தது. அந்த மாடலுக்குப் புதுசு வருவதில்லையாம். "சரி, இதையே சுத்தம் பண்ணுங்க" என்றேன். அதை என் கையில் வைத்துவிட்டு நகர்ந்தார்: "நான் தொட்டா ஒடிஞ்சிரும்க்கா. ஒடியறது உங்க வீட்டுலயே ஒடியட்டும்."

பள்ளிக்கூட லேபில் வினிகர் துருவைத் தின்னும் என்று படித்தது ஞாபகம் வந்தது. ஊறுகாய் ஜாடியில் வினிகரை ஊற்றி அதை ஊறப்போட்டேன். மறுநாள் வீட்டுக்காரரின் அக்கா வந்தார். என்னைக் கேட்காமலே ஜாடியைத் திறந்து, விரலை விட்டு நக்கிப் பார்த்து, கண்ணை மூடி யோசித்தார். "மாகாளிக்கிழங்கு நல்லாத்தான் ஊறியிருக்குது அம்மிணி. உப்புதான் பத்துல."

ஓவர்லாக்

நைஸ் உப்புத்தாளால் தேய்த்துக் கழுவிக் காயவைத்தேன். கம்பி அசைந்தது! ஆனால் அதைச் சொருகும் டேங்க் ஓட்டையை அடைக்கும் ரப்பர் வாஷர் கழற்றும்போதே பொடிப்பொடியாகிவிட்டிருந்தது. விடிந்தால் டெலிவரி. கடைகளைச் சாத்தியாகிவிட்டது.

தைத்தால் தீராத பிரச்சினை உலகத்தில் இல்லை என்பது இந்த ஊரின் மதம். எங்கள் கட்டிங் மாஸ்டர் இஞ்சு டேப்போடு வேனுக்கு அடியில் போய் அளவெடுத்தார். டி-ஷர்ட் கழுத்துக்கு வைக்கும் நெக் ரிப் துணியை நாலு மடிப்பாக வட்டமாய் வெட்டி, நூல் பிரியாமல் ஓரத்துக்கு ஓவர்லாக் தையல் அடித்து, ஸ்குரூ நுழையக் காஜா கூட எடுத்துக் கொண்டுவந்தார். பெட்ரோல் நிற்குமா என்று கேட்டேன். மனிதருக்கு முகம் சுண்டிவிட்டது. "என்னங்கக்கா இப்படிக் கேக்கறீங்க? எத்தன வாஷ் போட்டாலும் லூஸே ஆகாதுங்க!"

உண்மை விளம்பி

அதையே வாஷராக வைத்து முடுக்கினோம். காலையில் டேங்கை நிரப்பினேன். முள் உச்சியில் போய் நின்றது. கண் கலங்கிவிட்டது எனக்கு. கிளம்பியதும் இறங்க ஆரம்பித்தது. என்ன ஒரு நேர்மை என்று மெச்சிக்கொண்டே ஓட்டினேன். முக்கால், அரை... இவ்வளவு நேர்மை எதற்கு என்று தோன்றியபோது எக்ஸ்போர்ட் கம்பெனி கேட் வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்ன நேரத்துக்கு முன்பே!

கேட்டில் இருந்த வாட்ச்மேன் வேனுக்கு அடியில் குனிந்து பார்த்தார், பீடியைத் தூர எறிந்தார், ஓடினார். நெக் ரிப் பெட்ரோலைக் குடித்துச் சொட்டிக்கொண்டிருந்தது. செக்கிங் பையன் மேலாக இருந்த டி-ஷர்ட்டை எடுத்து மோந்தான். ஒரே பெட்ரோல் நாற்றம். வாடை போனால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். அவர்கள் மொட்டை மாடி முழுக்கக் கொடி கட்டி, சாயங்காலம்வரை அத்தனை பீஸையும் வெயிலில் ஆட்டினேன். கடைசியில் மறுபடி மோந்து பார்த்துவிட்டு பாஸ் போட்டான். போகும்போது கையெடுத்துக் கும்பிட்டான்: "இனிமே லேட்டாவே வாங்க மேடம், ஒண்ணும் சொல்ல மாட்டோம். ஆனா ஆட்டோவுல வாங்க."

ஆக, பொய் சொன்ன வருஷங்களிலெல்லாம் எங்கள் ஆர்டரைக் கெடுக்கப் பார்த்த அந்த முள், உண்மை சொன்ன ஒரே நாளில் எனக்கு லேட்டாக வரும் உரிமையை வாங்கிக் கொடுத்துவிட்டது.