விஸ்துலா உடையும் சத்தம்

பிஸ்கட்டவே ஊரில் எங்கள் வீட்டில் இன்று மதியம் டொர்னாடோ சூறாவளி எச்சரிக்கை வந்து எல்லாப் போன்களும் அலற, "வாடி, பேஸ்மென்ட்டுக்கு ஓடு! நீங்களும் வாங்க!" என்று மனைவி மகளையும் என்னையும் விரட்டினாள். பேஸ்மென்ட் கதவைத் திறந்ததும், மழைநீர் கசிந்த தரையிலிருந்து சேற்று வாடை என் மூக்கில் அறைந்தது.

அதே வாடை. அப்பா ஈரோட்டுக்காரர், அம்மா போலந்துக்காரி. நான் வளர்ந்தது அம்மாவின் ஊரில், விஸ்துலா ஆறு சட்டென்று திரும்பும் வளைவில். குளிர்காலம் முழுக்க உறைந்து கல்லாய்க் கிடக்கும் ஆறு மார்ச்சில் பீரங்கி போல வெடித்து உடையும். பனிப்பாளங்கள் கரையைக் கடித்துத் தின்னும். வருஷா வருஷம் ஒரு வேலி, ஒரு தொழுவம், இடுகாட்டில் ஒரு வரிசை என்று போய்க்கொண்டே இருக்கும். சரிந்த மண்ணிலிருந்து செத்துப்போன சிப்பாய்களின் இரும்புத் தொப்பிகள் உருண்டு வரும். எங்கள் கோழிகள் அவற்றில்தான் தண்ணீர் குடித்தன.

சிறுவயதில் போரைப் பார்த்த ஸ்டாஷெக் மாமாவுக்கோ அந்த வெடிப்பு ஆற்றின் சத்தமே இல்லை, குண்டுச் சத்தம். முதல் வெடிப்புக்கே வீட்டுப் பிள்ளைகள் எங்களை முடியைப் பிடித்து இழுத்துப்போய், உருளைக்கிழங்கு போடும் நிலவறைக்குள் தள்ளி, தானும் இறங்கித் தாழிட்டுக்கொள்வார். வெள்ளம் முதலில் புகுவதும் அங்கேதான். ஒரு மார்ச்சில் அது என் கழுத்துவரை வந்தது. அம்மா கோடரியால் கதவைப் பிளந்து எங்களை இழுத்துப்போட்டாள். மாமா வரவில்லை. அந்த வெள்ளத்தோடு ஊரும் போயிற்று.

"டாட், ஸ்டாப்! யூ ஆர் ஹர்ட்டிங் மீ!"

பாதிப் படி இறங்கிவிட்ட மகளை மேலே இழுத்துக்கொண்டிருந்தேன். என் கை நிறைய அவள் முடி.