மாமனாரின் சிறுநீர்ப் பரிசோதனை

என் மாமனார் இயற்கை விவசாயி. சில வருடங்களாக எங்கள் நெல்வயலில் யூரியா கிடையாது, பூச்சிமருந்து கிடையாது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. டீக்கடையில் உட்கார்ந்து, ஊரே விஷத்தைத் தின்றுகொண்டிருப்பதாகத் தினமும் சொல்வார். வீட்டில் காலிஃப்ளவருக்குத் தடை. திராட்சையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்ததை நான் காட்டினால்தான் வாயில் போடுவார். மருந்தடிக்கிற பக்கத்து வயல்காரர் இவர் பேச்சையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, டீயைக் குடித்துவிட்டுப் போய் மருந்தடிப்பார்.

போன வருடம் சென்னைக் கல்லூரியிலிருந்து ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி வந்தாள். பூச்சிமருந்து எங்கள் உடம்பில் எவ்வளவு சேர்கிறது என்று பார்க்க, சின்ன டப்பாவில் சிறுநீர் கேட்டாள். பலர் நழுவிவிட்டார்கள். வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் ஏதாவது நோய் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று சிலருக்குப் பயம். மாமனார்தான் முதல் ஆளாகக் கொடுத்தார். பக்கத்து வயல்காரரையும் வற்புறுத்திக் கொடுக்கவைத்தார். எதற்காக என்று ஊருக்கே தெரியும்.

அந்தப் பெண் முடிவோடு டீக்கடைக்கு வந்தபோது, தனியாகப் பேசலாம் என்று மாமனாரை அழைத்தாள். அவர் நகரவில்லை.

"இங்கயே சொல்லும்மா. என் ஒடம்புல மறைக்க இன்னா கீது?"

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஒரு வகை மருந்து அவர் சிறுநீரில் நிறையவே இருந்தது. தன் முடிவை முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்த பக்கத்து வயல்காரர், தனக்கும் ஏறக்குறைய அதே அளவுதான் என்று தானாகவே சொன்னார். டப்பா மாறிப்போயிருக்கும் என்றார் மாமனார். கொசுவுக்கு என்ன செய்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். ஜன்னலைச் சாத்திவிட்டுக் கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று சுருள் கொளுத்துவதாக அவர் பெருமையாகவே சொன்னார். வயலில் அடிக்கும் சில மருந்துகளின் இனம்தான் அந்தச் சுருளிலும் இருக்கிறது என்று அவள் விளக்கினாள்.

"அது கொசுவுக்குத்தானே வைக்கிறோம், மனுசனுக்கு இல்லியே" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பார். எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

மறுநாள் உத்திரமேரூர் பஜாரில் ஒரு கொசுவலை வாங்கிவந்து கட்டினேன். "மீன் மாதிரி இதுக்குள்ள படுக்கணுமா?" என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார். ஆனாலும் படுத்தார், ஜன்னலையும் திறந்துவைத்தார். மறுபடி சோதிக்க வருவதாக அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போனது அவருக்கு நினைவிருந்தது.

அடுத்த முறை அளவு நன்றாகக் குறைந்திருந்தது. அதோடு எங்களுக்குப் பிடித்தது சனி. எங்கள் அறையில் ப்ளக்கில் சொருகியிருந்த கொசு மருந்தை அவரே பிடுங்கிக்கொண்டு போனார். இப்போதெல்லாம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே மூக்கை உறிஞ்சிப் பார்க்கிறார்.

டீக்கடைப் பிரசங்கம் நிற்கவில்லை, கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பக்கத்து வயல்காரரிடம் மருந்தே அடிக்காதே என்று இப்போது சொல்வதில்லை. முழுக்கைச் சட்டை போட்டுக்கொள், காற்றுக்கு எதிரே நின்று அடிக்காதே, வீட்டுக்குப் போனதும் குளி என்கிறார். இத்தனை வருடத்தில் அந்த மனிதர் இவர் சொன்னதில் ஒன்றைக் கேட்டு நான் பார்த்ததில்லை. போன வாரம் வரப்பில் போகும்போது பார்த்தேன், முழுக்கைச் சட்டை போட்டிருந்தார்.