இரண்டாவது பொட்டலம்

உங்கள் வீட்டில் பூக்கட்டிப் பார்த்திருப்பார்கள். அப்போது இரண்டாவது பொட்டலத்தை யாராவது பிரித்துப் பார்த்ததுண்டா?

யோசித்துச் சொல்லுங்கள். சாமி முன்னால் இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. வெள்ளை வந்தால் இப்படி, சிவப்பு வந்தால் அப்படி என்று முதலிலேயே பேசிக்கொள்வார்கள். கண்ணை மூடி ஒன்றை எடுப்பார்கள், பிரிப்பார்கள், கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எடுக்காத பொட்டலம் என்ன ஆகும்? தேனி மாவட்டத்துக் கம்பத்துக்குத் தெற்கே நான் சொல்லப்போகும் ஊரில், அதைப் பிரிக்காமலே வாய்க்காலில் விட்டுவிடுவது வழக்கம். பிரித்தால் சாமியைச் சந்தேகப்பட்டதாகுமாம். எவ்வளவு வசதியான வழக்கம் பாருங்கள்! தேர்தலில் ஒரு பெட்டியை எண்ணிவிட்டு மற்றதை ஆற்றில் விட்டால் சும்மா இருப்போமா?

அந்த ஊர்க்காரர் முத்துவீரன். பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டிருக்கும் விவசாயி. உழைப்பாளி, யாரையும் அதட்டிப் பேசாதவர். ஒரே ஒரு கோளாறு: எதையும் தானாக முடிவு செய்ய மாட்டார். கொடியைக் கழித்துக் கவாத்து வெட்டுவது என்றைக்கு, எந்த வியாபாரிக்குப் பழம் கொடுப்பது, மொபெட் வாங்கலாமா வேண்டாமா, எல்லாவற்றையும் ஜக்கம்மா கோயிலில் பூக்கட்டிக் கேட்டுவிட்டுத்தான் செய்வார். அரளிப் பூவை வாழையிலைக் கிழிசலில் மடித்து நூல் சுற்றிக் கொடுக்கும் வேலை மட்டும் அவர் மனைவி ராஜாத்தியுடையது.

இவர்களுக்கு ஒரே மகள், நாகஜோதி. நான் எழுதுவது அவளைப் பற்றித்தான். 2004ஆம் ஆண்டு கல்லூரியில் கணிதம் மூன்றாமாண்டு படித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பரீட்சை ஒன்றுதான் மிச்சம். அந்த நேரம் பார்த்து, மாசி மாதத்தில், முத்துவீரனின் அக்கா சந்தனம்மாள் கூடலூரிலிருந்து மகன் கர்ணனின் ஜீப்பில் வந்து இறங்கினார். கர்ணன் தினமும் ஏலக்காய்த் தோட்டத்து ஆட்களைக் கேரளத்துக் குமுளிக்கு ஏற்றிப் போகிறவன்.

"ஏலே முத்து, பங்குனியில முகூர்த்தம் குறிச்சாச்சு. புள்ளைய காலேசுலருந்து நிப்பாட்டு" என்றார் சந்தனம்மாள்.

"பரிச்ச ஒண்ணுதேன்க்கா பாக்கி. எழுதிட்டு வரட்டுமே."

"எழுதுனா டிகிரி வந்துரும்ல? எம்மவன் பன்னெண்டாப்பு பெயிலு. டிகிரிக்காரியாயிட்டா அவன வேணாமின்னு சொல்லிற மாட்டாளா? இவ பெயிலாவான்னு பாத்தா, எத எழுதுனாலும் பாசாயித் தொலைக்கிறா!"

இந்த நியாயத்தைக் கவனித்தீர்களா? மகனை மறுபடி பரீட்சை எழுத வைத்திருக்கலாம். அதற்கு அவன் உட்கார்ந்து படிக்கவேண்டும். பெண்ணை நிறுத்திவிட்டால் யாரும் எதுவும் செய்யாமலே இருவரும் சமம்! வளர்ந்த செடியை வெட்டி வளராத செடியின் உயரத்துக்குக் கொண்டுவருகிற விவசாயியை ஊர் சிரிக்கும். பெண்பிள்ளையிடம் அதையே செய்தால் சம்பந்தம் என்று பந்தி போடும்.

முத்துவீரன் தலையைச் சொறிந்தார். "ஆத்தாகிட்டயே கேட்ருவோம்க்கா. வெள்ள வந்தா படிப்பு, செவப்பு வந்தா கல்யாணம்."

"கேளு. ஆனா இந்தவாட்டி பூவ நாந்தேன் கட்டுவேன். மருமகளாகப் போறவளுக்கு அயித்தைக்காரி கட்டுறதுதேன் மொற."

சமையலறையிலிருந்து நாகஜோதி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று வருடப் படிப்பு ஒரு வாழையிலைத் துண்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. ஆனாலும் கணக்குப் படித்த மூளை சும்மா இருக்குமா?

"எம்மா, நம்ம வீட்டுப் பொம்பளப் பிள்ளைக படிப்புக்குன்னு இதுக்கு முந்தி பூக்கட்டிப் பாத்துருக்காகளா?"

"பாக்காம? ஒங்கயித்தைக்கு ஒம்பதாப்பு படிக்கையில பாத்தாக. அப்பறம் ஒஞ்சின்னயித்தைக்கு. பெரியப்பா மக்க ரெண்டு பேத்துக்கு."

"ஒருக்காச்சும் வெள்ள வந்துச்சா?"

ராஜாத்தி யோசித்தார். "வரல."

"நாலு தடவையும் செவப்பே வர்றதுக்கு நிகழ்தகவு பதினாறுல ஒண்ணுதேம்மா."

"என்ன தவுடு?"

"தவுடு இல்லம்மா, தகவு!"

"தவுடோ தகவோ, நாளைக்கு கோயில்ல வாயத் தொறக்காம நில்லு" என்று சொல்லிவிட்டு, ராஜாத்தி கொல்லைப் பக்கம் போய் எதையோ பறித்துக்கொண்டு வந்தார். என்னவென்று மகள் கேட்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கர்ணனின் ஜீப்பிலேயே எல்லோரும் கோயிலுக்குப் போனார்கள். தட்டில் இரண்டு பொட்டலம். சந்தனம்மாள் தட்டை விட்டு ஒரு சாண் நகரவில்லை. ராஜாத்தி "மதினி, அங்கன வெளக்குல எண்ணெ இருக்கான்னு பாருங்க" என்றார். "நீயே பாரு" என்றார் மதினி. "யாரோ கூப்புடுறாக மதினி" என்றார். "கூப்புடட்டும்" என்றார் மதினி.

பூசாரி சின்னச்சாமி மணியடித்தார். முத்துவீரன் கண்ணை இறுக்க மூடி ஒரு பொட்டலத்தை எடுத்தார். நூலின் முடிச்சு சிக்கிக்கொண்டது. நகத்தால் நோண்டினார். அவர் நோண்டிக்கொண்டிருக்கும்போதே சந்தனம்மாள் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டுவிட்டார்! கோயில் புறாக்கள் படபடவென்று பறந்தன.

இலை இன்னும் பிரியவில்லை.

நாகஜோதி அம்மாவின் எச்சரிக்கையை மறந்தாள். "அயித்தை, பொட்டலத்தயே பிரிக்கலையே. அதுக்குள்ள எப்பிடிக் கொலவ போட்டீக?"

சந்தனம்மாளின் நாக்கு நின்றது. முத்துவீரனின் விரல் நின்றது. மெல்லப் பிரித்தார். செவ்வரளி. அடுத்த பொட்டலத்தை வாய்க்காலில் விட பூசாரி கை நீட்டினார். அதற்குள் நாகஜோதி அதை எடுத்துவிட்டாள்.

"ஆகாது தாயி, குத்தமாயிரும்!" என்று பூசாரி பதறினார்.

"குத்தம் பிரிக்கிறதுலயா, கட்டுனதுலயா?" என்று கேட்டுக்கொண்டே பிரித்தாள். அதிலும் செவ்வரளி.

முதலில் சிரித்தவன் கர்ணன். தூணில் சாய்ந்து நின்றவன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டான். "எம்மா, கட்டத் தெரிஞ்ச ஒனக்கு கொலவயக் கட்டத் தெரியலையே!"

"ஏலே, வாய மூடு. யாருக்காகச் செஞ்சேன்?"

"எங்கிட்ட யாராச்சும் கேட்டீகளா? எனக்கு ஒரு பூவாச்சும் கட்டுனீகளா?"

ராஜாத்தியும் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. குலுங்கிய குலுங்கலில் மடியிலிருந்து இரண்டு பொட்டலங்கள் தட்டிலேயே வந்து விழுந்தன. முத்துவீரன் எடுத்துப் பிரித்தார். இரண்டிலும் வெள்ளை அரளி.

"மாத்தி வைக்கத்தேன் கொண்டாந்தேன். மதினி தட்ட விட்டு நகந்தாத்தான?" என்றார் ராஜாத்தி.

முத்துவீரனுக்கு ஏதோ மெதுவாக விளங்க ஆரம்பித்தது. "அப்ப... வடக்குப் பந்தலப் பிரிக்க வேணாமின்னு வந்துச்சே?"

"நாந்தேன்."

"மொபெட்டு?"

"அதுவும் நாந்தேன். நேரா சொன்னா கேட்டீகளா? பூவுல சொன்னாத்தான கேக்குறீக!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் இந்தக் கதையைக் கேட்டபோது சிரித்தேன். பிறகுதான் கோபம் வந்தது. பந்தலைப் பற்றி அந்த வீட்டில் அதிகம் தெரிந்தவர் ராஜாத்தி. அவர் சொல் செல்லுபடியாக ஒரு சாமியின் வாயை இரவல் வாங்கவேண்டியிருந்தது என்றால், அது பக்தியா? கொடுமைக்குப் பூச்சுற்றி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

சந்தனம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. நான்கு இலைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஒம்பதாப்புல நாந்தேன் மொதல் மார்க்கு" என்றார் திடீரென்று. "அப்ப எனக்கு வந்த செவப்பு... அதுலயும் ரெண்டுமே செவப்பாத்தேன் இருந்துருக்குமோ?"

அந்தப் பொட்டலம் எப்போதோ வாய்க்காலோடு போய்விட்டது.

பூசாரிக்கு நல்ல நேரம் முடியப்போகிற கவலை. "இப்பத்தேன் ரெண்டு வெள்ள, ரெண்டு செவப்பு சரியா இருக்கே. நாலையும் கலந்து ஒண்ண எடுப்பமா?"

"வேணாம்" என்றாள் நாகஜோதி. "செவப்பும் வேணாம், வெள்ளையும் வேணாம். பூ சொல்லி நான் படிக்க வேணாம்ப்பா. நான் சொல்றேன். பரிச்ச எழுதணும். டிகிரி வாங்கணும். நீங்க என்ன சொல்றீக?"

முத்துவீரன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கேள்விக்கு முன்னால் வெறுங்கையோடு நின்றார். சாமியைப் பார்த்தார், சாமி ஒன்றும் சொல்லவில்லை. அக்காவைப் பார்த்தார். அக்கா மூக்கைச் சிந்திவிட்டு, "எழுதட்டும்டா. என்னயத்தேன் எழுத விடல" என்றார். மனைவியைப் பார்த்தார். அவர் என்ன சொல்வார் என்பது தட்டிலேயே கிடந்தது.

"படி ஆத்தா" என்றார் முத்துவீரன். சொன்ன பிறகு, பாரம் இறக்கிவைத்தவர் போலத் தோளைத் தடவிக்கொண்டார்.

பங்குனியில் முகூர்த்தம் நடக்கவில்லை, பரீட்சை நடந்தது. முடிவு வந்த அன்று சந்தனம்மாள் கூடலூரிலிருந்து வந்து, தாளைக் கையில் வாங்கி, பெயரைப் படித்து, 'தேர்ச்சி' என்ற சொல்லையும் படித்த பிறகே குலவை போட்டார்.

இது 2009. நாகஜோதி அரசுத் தேர்வு எழுதி வைகை அணை அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே நீர்மட்டம் அளந்துதான் மதகைத் திறக்கிறார்கள், பூக்கட்டிப் பார்த்து அல்ல. கர்ணன் பன்னிரண்டாம் வகுப்பை மறுபடி எழுதி, மறுபடி தவறினான். மலையாளத்தில் மட்டும் தேறிவிட்டான், குமுளிக்காரப் பெண்ணைக் காதலித்துக் கட்டியதால். முத்துவீரன் இப்போதும் தனியாக முடிவு செய்வதில்லை. "ராஜாத்தி, கவாத்து என்னைக்கு வெட்டலாம்?" என்று பந்தலில் நின்று ஊருக்கே கேட்கக் கத்துகிறார். கேட்க வேண்டிய ஆளிடம் கேட்கிறார்.

நாகஜோதிக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்கிறீர்கள், தெரியும். அதை அவளிடம் கேளுங்கள். நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பெண்ணின் படிப்பைத் தட்டில் வைத்து யாராவது கண்ணை மூடினால், நீங்கள் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். வாய்க்காலுக்குப் போகும் முன் அந்த இரண்டாவது பொட்டலத்தைப் பிடுங்கிப் பிரியுங்கள். பிறகு அந்தப் பெண்ணிடமே கேளுங்கள்.