சீரியல் செட் அணைந்த கால் மணி நேரம்

என் தங்கை புவனேஸ்வரி வலது காது மட்டும் கேட்கும் நிலையில் மோர்ஸ் தந்திப் பரீட்சை தேறினாள். முதல் தடவை தோற்று, இரண்டாம் தடவை அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கினாள். கொல்லைக்குப் பின்னால் மூன்று பேருடைய தரிசு வழியாக, கம்பம் நட்டு ஏரியலுக்கு நீளக் கம்பி இழுக்க, மூன்று பேரிடமும் சம்மதம் வாங்கினாள். “பொட்டப்புள்ளைக்கு எதுக்கு வானம் வரைக்கும் கம்பம்?” என்று கேட்ட எங்கள் அப்பாவையே குழி வெட்டவும் வைத்தாள்.

எங்கள் ஊர் மணமேல்குடிக்குப் பக்கம். அவள் பள்ளியில் ஆய்வக உதவியாளர். நான் எட்டாவதோடு நின்றவன். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறேன்.

அவளுக்குப் பிடித்தது நூற்றறுபது மீட்டர் அலைவரிசைப் பட்டை. பகலில் அதில் தூரத்துச் சத்தம் வராது. விடிகிற நேரத்தில், மேற்கே இன்னும் இருட்டாக இருக்கும் நாடுகளின் சத்தம் சிறிது நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். சென்ற மாசியில் தென் அட்லாண்டிக்கில் ஆளில்லாத ஒரு தீவுக்குச் சிலர் போய் ரேடியோ வைத்திருந்தார்கள். சனிக்கிழமை கிளம்பிவிடுவார்கள். மறுபடி எப்போது போவார்களோ, தெரியாது.

அதே வாரம் எங்கள் கோயில் திருவிழா. எதிர்த்தெருவில் கட்டிய சீரியல் செட் விளக்குகள் விடிய விடிய மினுக்க, ஹெட்போனில் மழை பெய்வதுபோல் இரைச்சல். தீவின் சத்தம் அதற்குள் மூழ்கிப்போனது. அணைக்கச் சொல்லலாம் என்றால், அந்தந்த நாள் திருவிழாச் செலவை ஏற்கும் மண்டகப்படிக்காரர் சொன்னால்தான் அணைப்பார்கள். எங்கள் மண்டகப்படி ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை ஆண்டியப்பன் மாமாவுடையது. அவரிடம் போனோம்.

“என் மண்டகப்படியில சாமிய இருட்டுல நிறுத்தச் சொல்றியா தாயி?”

“கால் மணி நேரந்தான் மாமா. விடியுற நேரம். சாமி தூங்கிட்டுத்தான் இருக்கும்.”

“சாமி தூங்கும். ஊர் வாய் தூங்குமா?”

ஞாயிற்றுக்கிழமைதான் பூப்பல்லக்கு. அது தாத்தா காலத்திலிருந்து எங்களுக்கு உரிய மரியாதை. நான் சொன்னேன்: “மாமா, இந்த வருசம் நாளை மாத்திக்குவோம். வெள்ளிக்கெழம எங்களுது. பல்லக்கு ஒங்களுது.”

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். “ஏப்பா குணசேகரா, பல்லக்க விட்டுட்டுக் கொசுச் சத்தம் கேக்கப் போறீகளா? அப்பறம் பேச்சு மாறக் கூடாது.”

திரும்பும்போது புவனேஸ்வரி எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். வீட்டு வாசலில், “அண்ணே, அப்பாட்ட யாரு சொல்றது?” என்றாள்.

“நீதான். கம்பத்துக்குக் குழி வெட்ட வச்சவ நீதானே.”

அப்பா அன்று சாப்பிடாமல் படுத்தார். ஆனால் வெள்ளிக்கிழமை விடியற்காலை, எனக்கு முன்பே போய் ஜெனரேட்டர்க்காரர் பக்கத்தில் நின்றவர் அவர்தான்.

விளக்குகள் அணைந்தன. தங்கை நல்ல காதில் ஹெட்போனை அழுத்திக்கொண்டு மோர்ஸ் சாவியைத் தட்டினாள். பலமுறை தட்டியும் பதில் இல்லை. கிழக்கு வெளுத்துக்கொண்டே வந்தது. வெளுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. திடீரென்று அவள் பென்சில் ஓடியது. உரிமத்தோடு அவளுக்குக் கிடைத்த அழைப்புக்குறியைத் தீவிலிருந்து திருப்பி அனுப்பியிருந்தார்கள், கடைசி எழுத்து மட்டும் இல்லாமல். அந்த எழுத்தை மட்டும் நிறுத்தி நிறுத்தி மூன்று தரம் தட்டினாள். பிறகு காத்திருந்தாள். முழுக் குறியும் வந்தது, நன்றியும் வந்தது.

ஹெட்போனைக் கழற்றினாள். கன்னத்தில் அதன் தடம் பதிந்திருந்தது.

“அண்ணே, லைட்டப் போடச் சொல்லு. சாமி பாவம்.”

தொடர்பு கிடைத்தவர்களுக்குத் தன் பெயரிட்ட அட்டை அனுப்புவது ரேடியோக்காரர்களின் வழக்கம். அவளும் அட்டை அச்சடித்து வைத்திருந்தாள். ஆனால் இந்தப் பட்டையில் கடல் தாண்டிப் பேசும்வரை ஒன்றிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று கட்டைப் பிரிக்காமலே இருந்தாள். அன்று பூசை முடிந்து, விபூதி பூசிய கையைத் துடைத்துவிட்டு, முதல் அட்டையை எடுத்து ‘புவனேஸ்வரி’ என்று தமிழிலேயே கையெழுத்திட்டாள். தேதி, 2024 மார்ச் 1.