வூடு என்று பாடியவள்

நான் கல்யாணமாகி விருத்தாசலத்துக்கு வந்த இரண்டாம் வருஷம், என் நாத்தனார் புதுச்சேரியில் படிப்பை முடித்துக்கொண்டு வீடு திரும்பினாள். மாமனார் அப்போதுதான் தவறியிருந்தார். எங்கள் பீங்கான் யூனிட்டை என் கணவர் ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டிருந்தார். தங்கை வந்தால் உதவியாக இருக்கும் என்று அவரே கூப்பிட்டிருந்தார். இரண்டு பெட்டிகளோடும் நீளமான ஒரு கறுப்புப் பையோடும் வந்து இறங்கினாள். பையில் என்ன என்று கேட்டேன்.

“கிதார் அண்ணி. கரண்ட்ல போட்டு வாசிக்கிறது,” என்றாள்.

வீட்டில் வாசிக்க மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு ஒற்றைத் தலைவலி. ஞாயிற்றுக்கிழமை யூனிட்டில் போய் வாசித்துக்கொள்ளட்டும், ஆனால் துணைக்கு நான் போக வேண்டும் என்று முடிவானது. வாரத்தில் எனக்கு இருந்த ஒரே ஓய்வு நாள் அது. முதல் ஞாயிறு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனேன்.

ஸ்பீக்கர் பெட்டியை மாட்டி அவள் ஒரு தந்தியை மீட்டியதும், அடுக்கி வைத்திருந்த ஃப்யூஸ் கேரியர்கள் எல்லாம் கிடுகிடுவென்று ஆடின. மின்சாரப் பெட்டியில் மாட்டுகிற வெள்ளைப் பீங்கான் கட்டைகள் அவை. எங்கள் பிழைப்பே அதில்தான். நான் ஓடிப்போய் இரண்டு கையாலும் அடுக்கைப் பிடித்துக்கொண்டேன். அவள் சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்து, என்னோடு சேர்ந்து அடுக்குகளைத் தள்ளி வைத்தாள். அப்புறம் பாடினாள்.

அது கோயில் பாட்டுமில்லை, சினிமாப் பாட்டுமில்லை. பேச்சு மாதிரி ஆரம்பித்துப் போகப் போகச் சண்டை மாதிரி ஆனது. சேத்தியாத்தோப்பு பஸ்ஸுக்காக நிற்கிற ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு. ஒதுங்க இடமில்லை என்பதால் தண்ணீரே குடிக்காமல் நாளைக் கழிக்கிறவள். இதையெல்லாமா பாட்டாக எழுதுவார்கள் என்று கேட்டேன்.

“நீங்க பஸ்ஸுக்கு நிக்கும்போது தண்ணி குடிப்பீங்களா அண்ணி?” என்றாள்.

நான் குடிப்பதில்லை. அந்த ஞாயிறுக்குப் பிறகு எனக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

வார நாட்களில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து சரக்கைத் தரம் பிரித்தாள். சூளையிலிருந்து வந்த கட்டையைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். விரிசல் இருந்தால் மொத்தென்று கேட்கும். நான் தட்டிப் பார்த்து, கண்ணாலும் ஒருமுறை பார்த்துத்தான் ஒதுக்குவேன். அவள் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டே, நான் தட்டுகிற சத்தத்தை வைத்து “அது வேணாம்” என்பாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். நல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பெண் பாடுவாளாமே, ஒரு பாட்டு பாடச் சொல்லுங்கள் என்று பையனின் அம்மா ஆசையாகக் கேட்டார். என் நாத்தனார் உள்ளே போய்க் கிதாரையும் ஸ்பீக்கர் பெட்டியையும் எடுத்து வந்தாள். நான் கண்ணைக் காட்டியும் பயனில்லை. கேட்டவருக்கு மரியாதையாக, தன் பாட்டுகளில் ஒன்றை முழுவதும் நிதானமாகப் பாடி முடித்தாள். அந்த அம்மாள் டீயைக் கீழே வைத்துவிட்டு, கல்யாணத்துக்கு அப்புறம் இதை விட்டுவிடுவாய் அல்லவா என்று கேட்டார். விட மாட்டேன் என்றாள், கோபமே இல்லாமல். அவர்கள் போன பிறகு என் கணவர் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அவள் வழக்கம்போல எட்டரை மணிக்கு யூனிட்டுக்கு வந்துகொண்டிருந்தாள்.

பாட்டுகளைச் செல்போனில் பதிவு செய்து இணையத்தில் போட்டு வந்தாள். அதில் ஒன்று பரவியது.

‘வூட்டுக்கு வந்தா வெளிய எங்க போனன்னு கேக்குறாங்க,
வெளிய போனா உன் வூடு எங்கன்னு கேக்குறாங்க’

என்று தொடங்கும் பாட்டு. அதைக் கேட்டுவிட்டுச் சென்னையிலிருந்து ஓர் இசை நிறுவனத்தைச் சேர்ந்த இரண்டு பேர் காரில் வந்தார்கள். மாமியார்கூட அன்று புதுப்புடவை கட்டிக்கொண்டார். பாட்டுகளின் உரிமையை எங்களுக்கு எழுதிக் கொடுங்கள், பெரிய அளவில் செய்கிறோம் என்றார்கள். கிதார் சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்றார்கள். பிறகு அவர்களில் மூத்தவர், “இந்த வூடுங்கறத மட்டும் வீடுன்னு மாத்திடுங்கம்மா. எல்லாருக்கும் புரியணும்,” என்றார்.

“எங்கூர்ல யாரும் வீட்டுக்குப் போறதில்ல சார்,” என்றாள் அவள். “வூட்டுக்குத்தான் போறோம்.”

அவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. காகிதங்களை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாள்.

அவளை அதிகம் திட்டியது நான்தான். இப்படி ஒரு வாய்ப்பு இந்த ஊருக்கு இன்னொரு தடவை கார் ஏறி வராது, உனக்குத் திமிர் என்றேன். கையெழுத்துப் போட்டிருந்தால் உன் குரல் எங்கெங்கோ போயிருக்கும் என்றேன்.

“குரலு போவும் அண்ணி. பாட்டு என்கிட்ட இருக்காது,” என்றாள்.

அது எனக்குப் புரியவில்லை. புரிவதற்கு இரண்டு வருஷம் ஆனது. அந்த நாளில் நான் பேசிய பேச்சுக்கு இன்றும் எனக்கு வெட்கம் உண்டு.

அடுத்த பொங்கல் விடுமுறையில், யூனிட் மூடியிருந்த நான்கு நாட்களில், அவளே தன் முதல் தொகுப்பைப் பதிவு செய்தாள். புதுச்சேரியிலிருந்து அவளோடு படித்த இரண்டு பேர் வந்தார்கள்: டிரம்ஸ் வாசிக்கிற ஒருவரும், பேஸ் கிதார் வாசிக்கிற ஒரு பெண்ணும். வீட்டில் இருந்த மெத்தைகளையும் சாக்குகளையும் யூனிட்டின் சுவரெங்கும் தொங்கவிட்டோம். சோறு ஆக்கிக் கொண்டுபோனதும், ரோட்டில் லாரி வந்தால் பதிவை நிறுத்தச் சொல்லி வாசலில் நின்று கை காட்டியதும் என் வேலை. பேஸ் வாசித்தபோது ஃப்யூஸ் கேரியர்கள் மறுபடியும் ஆடின. டிரம்ஸ்காரர் அவற்றை வெளியே எடுத்துவிடலாம் என்றார். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். இப்போதும் அந்தப் பாட்டுகளின் அடியில் குளிரில் பற்கள் கிடுகிடுப்பது மாதிரி ஒரு சத்தம் கேட்கும். அது எங்கள் சரக்கு.

அதற்கப்புறம் கல்லூரிகளில் கூப்பிட ஆரம்பித்தார்கள். நானும் கூடப் போனேன். ஒரு கல்லூரி விழாவில் முதல் பாட்டு முடிவதற்குள் மாணவர்கள் சினிமாப் பாட்டு கேட்டுக் கத்தினார்கள். காலித் தண்ணீர் பாட்டில் ஒன்று மேடையில் வந்து விழுந்தது. இறங்கி வந்துவிடு என்று மேடை ஓரத்திலிருந்து சைகை செய்தேன். அவள் குனிந்து பாட்டிலை எடுத்து ஓரமாக வைத்தாள். மைக்குக்கு வந்து, “சினிமா பாட்டு எனக்கு வராது. என் பாட்டு இன்னும் நாலு இருக்குது. புடிக்கலன்னா போயிட்டு வாங்க, கோச்சுக்க மாட்டேன்,” என்றாள்.

பாதிப் பேர் எழுந்து போனார்கள். மீதிப் பேருக்கு அந்த நான்கையும், அரங்கம் நிரம்பியிருந்தால் எப்படிப் பாடுவாளோ அப்படியே பாடினாள். கடைசிப் பாட்டில் பின்வரிசைப் பெண்கள் சிலர் எழுந்து முன்னால் வந்து நின்றார்கள். பாடிக்கொண்டே அவர்களைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்தாள். அவளிடம் எனக்கு இருந்த பிரியம் மரியாதையாக மாறியது அந்தச் சாயங்காலம்தான். எனக்கு வாய்க்காத ஒன்று அவளிடம் இருக்கிறது என்று அன்று ஒத்துக்கொண்டேன்.

என் கணவர் நான்கு வருஷம் எந்த நிகழ்ச்சிக்கும் வரவில்லை. கடைசியில் புதுச்சேரியில் ஒன்றுக்கு, சரக்கு கொடுக்க வந்த சாக்கில் வந்து பின்னால் நின்றார். முடிந்ததும் தங்கையிடம் போய், “பேசுறப்ப மைக்க கொஞ்சம் கிட்ட வச்சிக்க. வார்த்த சரியா வுழல,” என்றார். சரிண்ணா என்றாள். வண்டியில் வரும்போது அவர் ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, அவளுடைய ஒரு பாட்டின் மெட்டை மூக்கால் முனகிக்கொண்டே வந்தார். நானும் அவளும் கேட்காதது மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

இப்போது அவள் யூனிட்டுக்கு வருவதில்லை. மூன்று தொகுப்புகள் ஆகிவிட்டன. எல்லாப் பாட்டுகளும் அவள் பெயரில்தான் இருக்கின்றன. எந்த ஊருக்கு எப்போது போவது என்பதை அவளும் கூட வாசிக்கிற அந்த இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். துணைக்கு யாரும் தேவைப்படுவதில்லை. ஊரில் இருக்கும் நாட்களில் சாப்பிட எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள்.

போன மாதம் சென்னையில் அவளுக்கு ஒரு நிகழ்ச்சி. அவளிடம் சொல்லாமல் நானே டிக்கெட் எடுத்து, வேப்பூரில் பஸ் பிடித்துப் போனேன். மேடை ஓரத்தில் நிற்காமல், முதல் தடவையாக எல்லோருக்கும் நடுவில் நின்று கேட்டேன். யாரோ பெற்ற பிள்ளைகள், நம் பக்கத்துப் பேச்சே தெரியாதவர்கள், ‘வூட்டுக்கு வந்தா’ என்று கூடவே பாடினார்கள். பக்கத்தில் நின்ற பெண், கூடவே அசைந்துகொண்டிருந்த என் வாயைப் பார்த்துவிட்டு, எல்லாப் பாட்டும் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். அடுத்த பாட்டு தொடங்கிவிட்டதால் அதற்கு மேல் எதுவும் சொல்ல நேரமில்லை.