கண்ணாடிக்கு ஒரு காத்தாடி

தொலைநோக்கி விற்பதில் கஷ்டம் ஒன்றுமில்லை. வாங்கிப் போனவர் மறுவாரம் அதைத் தூக்கிக்கொண்டு திரும்பி வரும்போதுதான் எங்கள் தொழிலே ஆரம்பிக்கிறது. கவுண்டருக்குப் பின்னால் நின்று பழகிய உங்களுக்கும் அந்த நடை தெரிந்திருக்கும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் கடை. படியில் காலடி கேட்டாலே நான் அலமாரி துடைக்கப் போய்விடுவேன். பேச வேண்டியிருக்காது.

கொதிக்கிற சனி

கிள்ளான் தமிழ்ப்பள்ளி ஒன்றின் ஆசிரியை பரிமளா டீச்சர் அப்படித்தான் ஏறி வந்தார். வெள்ளிக்கிழமை மாலை பெற்றோருக்கு அவர் சனிக்கோளைக் காட்ட வேண்டும். சரியாகத் தெரியாவிட்டால், வானியல் மன்றத்தின் வெள்ளிக்கிழமையைக் கணக்கு டியூஷனுக்குக் கொடுத்துவிடுவதாகத் தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். சனியோ, கொதிக்கிற குழம்பில் மிதக்கும் வெங்காயம் மாதிரி ஆடுகிறதாம்.

காரிலேயே வைத்திருந்தீர்களா என்று கேட்டேன். நாள் முழுக்க என்றார். குழாயின் அடியில் இருக்கும் தடித்த கண்ணாடி சூட்டை லேசில் விடாது. அதிலிருந்து எழும் வெதுவெதுப்பான காற்றுதான் படத்தை ஆட்டுகிறது. பின்னால் சின்னக் காத்தாடி வைத்து முன்கூட்டியே ஓடவிட்டால், கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்துவிடும். இவ்வளவையும் என் செருப்பைப் பார்த்தபடி சொல்லி முடித்தேன்.

“கண்ணாடிக்குக் காத்தாடியா? எங்க ஸ்டாஃப் ரூம்ல ஓடுற ஃபேனே ஒண்ணுதான் லா!”

ரப்பர் பேண்ட்

காத்தாடியைத் திருகாணியால் இறுக்கினால் அதன் அதிர்வு சனியையும் உதற வைக்கும். ரப்பர் பேண்டில் தொங்கவிட வேண்டும். கடையில் ரப்பர் பேண்ட் தீர்ந்திருந்தது. கூட வேலை பார்க்கும் சேகரண்ணன், மதியச் சாப்பாட்டுப் பொட்டலங்களிலிருந்து நாலைந்தை உருவிக் கொடுத்தார். முகர்ந்து பார்த்துத் தயங்கினேன்.

“மீன்கறி வாசம் சனி வரைக்கும் போகாது. மாட்டும்மா.”

ஏர்கோன் அறை

வெள்ளிக்கிழமை டீச்சருக்கு உதவியாகப் பாஸ் என்னைத்தான் அனுப்பினார். பொழுது சாயும்போது பள்ளித் திடலில் பெற்றோர் வரிசையாக நின்றார்கள். டீச்சர் முகத்தில் பெருமை. காரில் வைத்தால்தானே சூடு? காலையிலிருந்தே தொலைநோக்கியைத் தலைமையாசிரியரின் குளுகுளு ஏர்கோன் அறையில் வைத்திருந்தார்.

வெளியே கொண்டுவந்ததும் கண்ணாடி ஐஸ் கோப்பி கிளாஸ் மாதிரி வேர்த்துவிட்டது. டீச்சர் முந்தானையோடு கையைக் குழாய்க்குள் விட்டார். “தொடாதீங்க!” என்று கத்தியது நான்தான் என்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை. துடைத்தால் கீறல் விழும். காத்தாடியைப் போட்டு, ஈரம் தானாகக் காயக் காத்திருக்க வேண்டியதுதான். தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அத்தனை பேர் முன்னால் நானே விளக்கினேன். பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. முன்னால் நின்ற ஆன்டிக்குக் கேட்டது.

“அப்ப ஃபேன் பார்க்கத்தான் எங்கள கூப்பிட்டீங்களா, ஏம்மா?”

வளையம்

ஈரம் ஓரத்திலிருந்து மெல்ல வற்றியது. கடைசி ஆவி மூட்டமும் மறைந்ததும் சனியைத் தேடிப் பிடித்தேன். கொஞ்சமும் ஆடவில்லை. வளையத்தோடு, காதில் மாட்டிக்கொள்ளலாம் போல நின்றது. அந்த ஆன்டிதான் முதலில் குனிந்தார். சனியைப் போய் வலியப் பார்க்கலாமா என்று பின்னாலிருந்து ஒருவர் பயந்தார். “அவரு நம்மள பார்த்தாதான் பயம். நாம பார்க்கலாம் லா,” என்றார் ஆன்டி, கண்ணை எடுக்காமல்.

கடைசியாகத் தலைமையாசிரியர் பார்த்தார். போய், மறுபடி வரிசையில் நின்று இன்னொரு தடவை பார்த்தார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார்.

“டியூஷனுக்கு வேற நாள் பார்த்துக்கலாம், டீச்சர். ஆனா இத இனிமே என் ரூம்ல வைக்காதீங்க.”

வெளிக்காற்றோடு ஒத்துப்போகக் கண்ணாடிக்குக் கொஞ்ச நேரம் போதும்; வெளி ஆட்களோடு ஒத்துப்போக எனக்கு அதைவிடக் கூடுதலாகவே ஆகிறது, ரப்பர் பேண்டில் காத்தாடி கட்டிவிடத்தான் ஆள் இல்லை.