அந்தத் துவக்கில் பிழையில்லை

அக்கா வீட்டு வரவேற்பறையில் மாதா சுருவம் வைத்திருக்கும் சின்ன அலுமாரிக்கு இழுத்துத் திறக்கிற ஒரு லாச்சி உண்டு. செபமாலைகள், எரிந்து தேய்ந்த மெழுகுதிரித் துண்டுகள், போன வருடத்துக் குருத்தோலை, எல்லாவற்றுக்கும் அடியில் பழைய நீலச் சேலைத் துண்டில் சுற்றிய ஓர் இரும்புத் தண்டு. ஒரு முனையில் குமிழ் வைத்த பிடி. தெரியாதவர்கள் கண்டால் கதவுத் தாழ்ப்பாள் என்றுதான் நினைப்பார்கள். அது என் அத்தானுடைய துவக்கின் போல்ட். இழுத்துத் தள்ளித் தோட்டாவை உள்ளே ஏற்றுவது அதுதான். தோட்டாவின் பின்பக்கத்தைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசியும் அதற்குள்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் துவக்கு வெறும் குழாய். துவக்கு இப்போது அக்கா வீட்டில் இல்லை. இது மட்டும் இருக்கிறது.

அத்தான் துறைமுகப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்தார். கப்பலில் வந்த பெட்டிகளை இறக்கி அடுக்குகிற வேலை. மொன்ட்ரியால்-நோரில் இரண்டாம் மாடி வாடகை வீடு, ஞாயிறு தவறாமல் பூசை, பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் கோப்பி, அதோடு ஓயாத கதை. அந்தாளுக்கு வாய் சும்மா கிடக்காது. ஒரு காரியம் தலைக்குள் புகுந்துவிட்டால் சந்திக்கிற எல்லாரிடமும் அதைக் கேட்டே தீர்வார். இரண்டாயிரத்துகளின் நடுவில் ஒரு வருடம் அப்படிப் புகுந்ததுதான் மான் வேட்டை. களஞ்சியத்துப் போர்மன், பெரிய மீசை வைத்த கியூபெக்காரர், ஒவ்வொரு நவம்பரும் வேலையாட்களோடு வடக்கே காட்டுக்குப் போகிறவர். "நீயும் வா, மொனாமி, என் நண்பா" என்று கூப்பிட்டுவிட்டார். இந்த நாட்டில் இத்தனை வருடமாக அத்தானை ஒருவரும் ஓரிடத்துக்கும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வேட்டை வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, லைசென்சும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

அக்கா பத்திரகாளியானாள். "துவக்குக்குத் தப்பி ஓடி வந்தவையின்ரை வீட்டுக்குள்ளை துவக்கோ? உங்களுக்கு என்ன விசரோ?" எங்கள் குடும்பத்தில் துவக்கால் போன உயிர் ஒன்று உண்டு. அதைப் பற்றி இங்கே எழுத எனக்கு மனமில்லை. அக்கா சாப்பாடு போட்டாள், உடுப்புத் தோய்த்தாள், ஆனால் கதைக்கவில்லை. அத்தான் வீட்டுக்குள் பூனை மாதிரி நடந்து திரிந்தார். கடைசியில் அவளே இறங்கி வந்தாள். இரண்டு நிபந்தனை போட்டாள். ஒன்று, நாலு நாள் காட்டுக்குப் போய் வருவதற்கு விலை கூடின துவக்கு தேவையில்லை, ஆகக் குறைந்ததாக ஒன்று வாங்கினால் போதும். மற்றது, அந்தப் போல்ட் அவளிடம்தான் இருக்கும். வேட்டைக்குப் போகிற அன்று அவள் கையால்தான் தருவாள், வந்ததும் அவள் கையில்தான் கொடுக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அத்தானின் கேள்வி மாறிவிட்டது. "மலிவுத் துவக்கை நம்பலாமோ? வருசத்திலை ஒருக்கா சுடுறவனுக்கு அது காணுமோ?" கோயில் மண்டபத்தில் துவக்கைத் தொட்டே பார்க்காத கணக்காளர் ஒருவர், காசைப் பார்த்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று கோப்பிக் கோப்பையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். இன்னொருவர், மானுக்கு என்ன துவக்கின் விலை தெரியுமா என்று கேட்டார். போர்மன்தான் அத்தானைக் கடைக்குக் கூட்டிப்போய், தானே தூக்கி, தோளில் வைத்து, போல்ட்டை இழுத்துப் பார்த்து ஒன்றைத் தெரிவு செய்து கொடுத்தார். "பிடிக்கட்டை பிளாஸ்டிக்தான். போல்ட் கொஞ்சம் கரகரக்கும். ஆனால் சுடச் சொன்னால் சுடும். ஈரம் படாமல் வைத்திரு. குளிரில் எண்ணெயைக் கிட்டவும் கொண்டுபோகாதே." இதை அத்தான் ஊர் முழுக்கச் சொன்னார். எனக்கே பல தடவை சொன்னார். அக்காவுக்கு மட்டும் தெரியாது. துவக்குக் கதை தொடங்கினால் அவள் எழும்பிக் குசினிக்குப் போய்விடுவாள்.

அந்தத் துவக்கு அவரைக் கைவிடவில்லை. காட்டில் வைத்த குறிப்பலகையில் போர்மனின் விலை கூடின துவக்குக்குப் பக்கத்திலேயே அவருடைய வெடியும் விழுந்ததாம். மான்தான் விழவில்லை. முதல் வருடம் மானைக் கண்டு வாய் பிளந்து நின்றுவிட்டார். அடுத்த வருடம் தும்மிவிட்டார். "அத்தான், வாற வருசம் மானுக்கு ஒரு கடிதம் போட்டுட்டுப் போங்கோ" என்று நான் நக்கலடிப்பேன். விழுந்து விழுந்து சிரிப்பார். வேட்டைக்குப் போகிற காலையில் அக்காவுக்கு முன்னால் நின்று, "தாரும் என்ரை சாமானை" என்று இரண்டு கையையும் நீட்டுவார். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கொடுப்பாள்.

மூன்றாம் வருடக் கோடையில் வெக்கை தாங்காமல் வியர்த்துக் கொட்டியது. அக்கா லாச்சியைத் துப்பரவாக்கும்போது சேலைத் துண்டை விரித்துப் பார்த்திருக்கிறாள். போல்ட்டில் சின்னத் துருப்புள்ளி. "பாவமடி மனுசன். துருப்பிடிச்சதைக் கண்டால் முகம் வாடிப் போகும்" என்று எனக்குப் போன் எடுத்தாள். மன்னாரில் அம்மா கத்தி, கத்தரிக்கோல், தையல் மெசின் எல்லாவற்றுக்கும் பூசியதைத்தான் இவளும் பூசியிருந்தாள், தேங்காய் எண்ணெய். வெளியே மட்டுமில்லை, கண்ட ஓட்டைக்குள் எல்லாம் விட்டு ஊற வைத்திருக்கிறாள். "என்னக்கா, துவக்குக்கும் தலைக்கு வைச்சு வாரி விட்டனியோ?" என்று கேட்டேன். அவளும் சிரித்தாள். இத்தனை வருடப் பிடிவாதத்துக்குப் பிறகு அவள் அந்தச் சாமானை ஆசையோடு தொட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அன்று உண்மையிலேயே சந்தோசமாக இருந்தது.

இந்த ஊரில் தமிழ் வீடு எதற்குள் போனாலும் பனிக்காலத்தில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் சுடுதண்ணீர்க் கோப்பைக்குள் நிற்கும். வெள்ளைக் கட்டியாக உறைந்து கிடப்பதை உருக்கித்தான் தலைக்கு வைப்போம். எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒருவருக்கும் அந்த நேரம் அது ஓடவில்லை.

அந்த நவம்பரில் அத்தான் கை நீட்டியபோது அக்கா முகத்தைத் திருப்பவில்லை. நேரே பார்த்துக் கொடுத்தாள். போல்ட் பளபளவென்று மின்னியது. "பாரடி, உன்ரை அக்கா துடைச்சு வைச்சிருக்கிறா" என்று என்னிடம் காட்டினார். அந்தாளின் முகத்தில் அன்று இருந்த வெளிச்சத்தை நான் எப்படிச் சொல்ல.

காட்டில் போர்மனின் ஆட்களுக்கு ஒரு வழக்கம். ஒரு வெடி கேட்டால் மான் விழுந்தது. மூன்று வெடி தொடர்ந்து கேட்டால் ஆபத்து, எல்லாரும் ஓடி வர வேண்டும். அங்கே செல்போன் வேலை செய்யாது. அன்று தண்ணீர் உறைகிற குளிர். ஆளுக்கொரு மரத்தடியில் விடியற்காலையிலிருந்து இருந்திருக்கிறார்கள். விடிந்து கொஞ்ச நேரம் போன பிறகு அத்தான் இருந்த பக்கத்தில் ஒரு வெடி கேட்டது. ஒன்றே ஒன்று. மற்றவர்கள் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்களாம். மொனாமிக்கு முதல் மான்! முதல் மானோடு ஆளைக் கொஞ்ச நேரம் தனியே விடுவது அவர்களுடைய மரியாதை. பிளாஸ்க்கைத் திறந்து கோப்பி ஊற்றிக் குடித்துக்கொண்டு, அவர் சிரித்துக்கொண்டு வருவார் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. மத்தியானம் தேடிப் போனபோது நெஞ்சைப் பிடித்தபடி மரத்தில் சாய்ந்திருந்தார். துவக்கு மடியில். மான் ஒன்றுமில்லை.

எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதால் அந்தச் சின்ன ஊர் ஆசுப்பத்திரிக்கு நான்தான் முதலில் ஓடினேன். மாரடைப்பு என்றார்கள். நேரத்தோடு கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். டொக்டர் கையை விரித்தார். வெளியே போர்மன் தன் வண்டியருகே குழந்தை மாதிரி விம்மிக்கொண்டு நின்றார். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். வெடிக்காத தோட்டாக்கள் இரண்டு. பின்பக்கத்தில் ஊசி பட்டும் படாமலும் சின்னப் பள்ளம். "மூன்று தடவையும் சுட்டிருக்கிறான். முதலாவது மட்டும்தான் எப்படியோ வெடித்திருக்கிறது" என்றார். வண்டிக்குள்ளிருந்து துவக்கை எடுத்து, போல்ட்டைக் கழற்றி, பின்னால் திருகித் திறந்தார். ஊசியைச் சுற்றி வெள்ளையாக மெழுகு மாதிரி ஏதோ இறுகியிருந்தது. "இது என்ன கிறீஸ்? நான் இப்படிக் கண்டதில்லை" என்றார். விரலால் தொட்டேன். சூட்டில் உருகியது. மணந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை, ஆனாலும் மணந்தேன். எங்கள் வீட்டுத் தலைமுடி மணம். ஐயோ என்று அந்த இடத்திலேயே குந்திவிட்டேன்.

போர்மன் மெதுவாகக் கேட்டார். "இன்றைக்குக் காலையில் எல்லாருக்கும் காட்டினான். மனைவி துடைத்துத் தந்தவள் என்று. இது அவள் பூசியதா?" அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கைலேஞ்சியை எடுத்து அந்த வெள்ளையைத் துளி விடாமல் வழித்துத் துடைத்தார்.

செத்த வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவுக்கு முன்னால் நின்றார். "மடாம், அது மலிவுத் துவக்கு. மலிவுத் துவக்கு இப்படித்தான் காலை வாரும். தெரிவு செய்து கொடுத்தது நான். என்னை மன்னித்துவிடுங்கள்" என்றார். பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்ட அந்த மனிதரின் பொய்யைச் சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னவள் நான்தான். கோயில் சனமும் அதைப் பிடித்துக்கொண்டது. மலிவுச் சாமான் கடைசி நேரத்தில் கைவிட்டுட்டுது என்று ஒவ்வொருவரும் தலையாட்டினார்கள். கணக்காளர் தான் அன்றே சொன்னதாகச் சொல்லித் திரிந்தார். அவரைக் கன்னத்தில் அறைய வேணும் போலிருந்தது.

அக்கா அழவில்லை. போர்மன் போன பிறகு என் கையைப் பிடித்து, "மலிவா வாங்கச் சொன்னது ஆரடி? நான்தானே" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்ன பொய், நேரே அவள் நெஞ்சில் போய் நின்றது. துவக்கைப் போர்மனே எடுத்துக்கொண்டார். போல்ட்டை மட்டும் அக்கா திருப்பிக் கேட்டாள். வந்ததும் தன் கையில் தர வேண்டும் என்பதுதானே பேச்சு.

போன கிழமை அவளிடம் போயிருந்தேன். நவம்பர். குசினி மேசையில் எண்ணெய்ப் போத்தல் சுடுதண்ணீருக்குள் நின்றது. தலைக்கு வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் லாச்சியைத் திறந்து, சேலைத் துண்டை விரித்து, உருகிய எண்ணெயைப் பஞ்சில் தொட்டுப் போல்ட்டுக்குப் பூசத் தொடங்கினாள். ஓட்டைக்குள் எல்லாம் விட்டாள். இத்தனை வருடமாக ஒவ்வொரு நவம்பரும் செய்கிறாளாம். "நல்ல துவக்கு ஒண்டு வாங்கியிருந்தால் மனுசன் இருந்திருக்கும், என்னடி?" என்றாள், தலை நிமிராமல்.

அக்கா, அந்தத் துவக்கில் பிழையில்லை. உன்னுடைய மலிவுப் பேச்சிலும் பிழையில்லை. இதைச் சொல்லிவிட்டால், அப்படியென்றால் ஏனடி வெடிக்கவில்லை என்று கேட்பாள். அதற்குப் பதில் அவள் விரலில் வழிந்துகொண்டிருந்தது.

"ஓம் அக்கா, மலிவுச் சாமான்தானே" என்றேன்.

அவள் போல்ட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நானாவது ஒழுங்காப் பாத்து வைச்சிருக்கிறன்" என்று சொல்லி, சேலைத் துண்டில் சுற்றி, என் கையில் தந்தாள். நான் அதை லாச்சிக்குள் வைத்து மூடினேன்.